அலும்னி அவார்டு குடுக்கப் போறீங்களா? நாங்க பண்ண தப்பைப் பண்ணாதீங்க

ஒரு யுனிவர்சிட்டியோட அலும்னி, அதாவது முன்னாள் மாணவர், கமிட்டில ஆறு வருஷம் குப்பை கொட்டினவன் நான். கீழ சொல்றதுல பாதி நாங்களே பண்ண தப்பு, மீதி பக்கத்துல உக்காந்து பாத்த தப்பு. எந்த யுனிவர்சிட்டின்னு மட்டும் கேக்காதீங்க.

எல்லாரும் மேடையைப் பத்தியே கவலைப்படுவாங்க, ஹால், லைட்டு, ஷீல்டு டிசைன், யாரு சீஃப் கெஸ்ட்டுன்னு. ஆனா அவார்டு சொதப்பறது மேடைல இல்ல, அதுக்கு ஆறு மாசம் முன்னாடி நாமினேஷன் ஃபார்மை வெப்சைட்ல ஏத்திட்டு ஒரு மெயிலையும் தட்டிவிட்டுட்டு "வர்றது வரட்டும்"னு உக்காந்தோம் பாருங்க, அங்கயே சொதப்பியாச்சு. அப்படி உக்காந்தா என்ன வரும்? தன் பேரைத் தானே போட்டுக்கிட்டவங்க, பிஆர் டீம் வச்சிருக்கறவங்க, கமிட்டி மெம்பரோட கிளாஸ்மேட்டுங்க. இவங்கள்ல தகுதியான ஆளே இல்லன்னு சொல்லல. ஆனா இருபது வருஷமா ஒரு லேப்ல தலையைக் குனிஞ்சு வேலை பாக்கறவங்களும், காது கேக்காத பசங்களுக்குப் பாடம் எடுக்கறவங்களும் அந்த ஃபார்ம் பக்கமே வர மாட்டாங்க, நாமதான் தேடிப் போகணும். நோபல் பரிசுக்கு தன் பேரைத் தானே குடுத்தா செல்லாது, பேர் சொல்லத் தகுதி உள்ளவங்ககிட்ட கமிட்டியே லெட்டர் போட்டு கேக்குது. அவ்ளோ பெரிய இடமே கேட்டு வாங்கறப்போ நாம பழைய ப்ரொஃபசர்களுக்கு நாலு போன் போட்டா குறைஞ்சா போயிடுவோம்?

இன்னொண்ணு, நோபல்ல யார் யாரோட பேரு பரிசீலனைல இருந்துச்சுங்கறதே 50 வருஷத்துக்கு வெளிய வராது. நம்மாளுங்க ஷார்ட்லிஸ்ட் போட்ட அன்னிக்கு சாயங்காலமே பேட்ச் வாட்ஸ்அப் குரூப்ல "கங்கிராட்ஸ் மச்சி"ன்னு போட்டுடறாங்க, அப்புறம் அந்த மச்சிக்கு அவார்டு கிடைக்கலன்னா அவன் மூஞ்சில எப்படி முழிக்கறது.

அடுத்தது டொனேஷன். இதைப் பேச எல்லாருக்கும் கூச்சம். பில்டிங்குக்கு பணம் குடுத்தவருக்கு "சிறந்த சாதனையாளர்"னு ஷீல்டு குடுத்தா கீழ உக்காந்திருக்க அத்தனை பேருக்கும் புரியும், கை தட்டுவாங்க, ஆனா அடுத்த வருஷம் அதே அவார்டை வாங்கற சயின்டிஸ்டையும் "இவர் எவ்ளோ குடுத்தாரு"ன்னுதான் பாப்பாங்க. பணமோ உழைப்போ குடுத்தவங்களை கவுரவிக்கறது தப்பே இல்ல, அதுக்குத் தனிப் பேரு வைங்க. ஹார்வர்டுல 1981லேர்ந்து ஹார்வர்டு மெடல்னு ஒண்ணு குடுக்கறாங்க, அது யுனிவர்சிட்டிக்கு செஞ்ச சேவைக்குன்னு நேராவே சொல்லிடறாங்க, குழப்பமே இல்ல பாருங்க. அதே மாதிரி அமெரிக்காவுல பிரின்ஸ்டன் யுனிவர்சிட்டில யுஜி படிச்சவங்களுக்கு ஒரு அவார்டு, பிஜி, பிஎச்டி பண்ணவங்களுக்கு வேற அவார்டு. இது சின்ன விஷயமா தெரியும், ஆனா நிறைய இடத்துல பிஎச்டி பண்ணவங்களை அலும்னின்னே யாரும் நினைக்கறதில்ல, ஏன்னா அவங்களுக்கு பேட்ச் கிடையாது, ரீயூனியன் கிடையாது, குரூப் கிடையாது.

அந்த யுஜி அவார்டுலயே இன்னொரு பாடமும் இருக்கு. அது முன்னாள் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் பேர்ல இருக்கு. 2020ல அவரோட இனவெறிக் கொள்கைகளைக் காரணம் சொல்லி பிரின்ஸ்டன் தன்னோட பப்ளிக் பாலிசி ஸ்கூல்லேர்ந்து அவர் பேரை எடுத்துடுச்சு, ஆனா அவார்டுலேர்ந்து எடுக்க முடியல, ஏன்னா அந்தப் பேரை வைக்கணும்னு ஒத்துக்கிட்டுதான் நன்கொடையை வாங்கிருந்தாங்க. அதனால யாரு பேரையாவது வைக்கச் சொல்லி ஸ்பான்சர் வந்தா செக்கைப் பாக்கறதுக்கு முன்னாடி கண்டிஷனைப் படிங்க. குடுத்த அவார்டைத் திரும்ப வாங்கறதுக்கும் முதல்லயே ஒரு விதி எழுதி வைங்க. எடின்பரோ யுனிவர்சிட்டி 1984ல ஜிம்பாப்வே தலைவர் முகாபேக்கு குடுத்த கவுரவ டாக்டர் பட்டத்தை 2007ல வாபஸ் வாங்குச்சு. அது அலும்னி அவார்டு இல்லதான், ஆனா தலைவலி ஒண்ணுதான்.

செத்துப் போனவங்களுக்கு குடுக்கலாமாங்கறதையும் முன்னாடியே முடிவு பண்ணுங்க. 2011ல மெடிசின் நோபல்ல ரால்ஃப் ஸ்டைன்மன் பேரை அறிவிச்சப்போ அவர் இறந்து மூணு நாள் ஆயிருந்துச்சு, கமிட்டிக்கே அது தெரியாது. இறந்தவங்களுக்கு குடுக்கறதில்லங்கற விதி இருந்தும், தெரியாமதானே முடிவு பண்ணோம்னு பரிசை அப்படியே விட்டுட்டாங்க. நீங்க குறைஞ்சபட்சம் அனவுன்ஸ் பண்றதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணிடுங்க, அவார்டு வேணாம்னு சொல்றவங்களும் இருக்காங்க, அதை போஸ்டர் அடிச்சப்புறம் தெரிஞ்சுக்காதீங்க.

சைட்டேஷன், அதாவது ஒருத்தருக்கு ஏன் அவார்டுன்னு மேடைல வாசிக்கற குறிப்பு, அதை எழுதறது தனிக் கலை, அதை கடைசி நாள் ராத்திரி யாராவது ஜூனியர் தலைல கட்டிடுவாங்க. அவன் பாவம் லிங்க்டின்லேர்ந்து அப்படியே எடுத்துப் போடுவான். நாங்க ஒரு தடவை வாசிச்சது: "தனது துறையில் ஈடு இணையற்ற பங்களிப்பை நல்கி, எண்ணற்றோருக்கு உந்துசக்தியாகத் திகழ்பவர்." அந்தம்மா என்ன வேலை பாக்கறாங்கன்னு ஹால்ல ஒருத்தருக்கும் தெரியல. அவங்க பண்ணது என்னன்னா, குறைப் பிரசவத்துல பொறந்த குழந்தைங்களோட மூச்சு நின்னா உடனே அலாரம் அடிக்கற ஒரு சின்ன கருவியைச் செஞ்சாங்க. இந்த ஒரு வரியை வாசிச்சிருந்தா போதும், ஹாலே நிமிந்து உக்காந்திருக்கும். பேரை எப்படி உச்சரிக்கறதுன்னும் அவங்ககிட்டயே கேட்டு, மைக் பிடிக்கறவர் கைல எழுதிக் குடுத்துடுங்க.

அதே அம்மாவை நாங்க மூணு வருஷமா "தொடர்பு இல்லை" லிஸ்ட்ல வச்சிருந்தோம்ங்கறது வேற கதை. கல்யாணத்துக்கப்புறம் பேரு மாறிடுச்சு, ரெக்கார்டுல பழைய பேரு, மெயில் ஐடி காலேஜ் டைம்ல வச்சிருந்தது. அவங்க ரூம்மேட் ஒருத்தர் எதேச்சையா சொன்னதாலதான் கிடைச்சாங்க. இந்த மாதிரி எத்தனை பொண்ணுங்களை விட்டிருப்போம்னு அன்னிக்குதான் உறைச்சுது. அப்புறம் உக்காந்து பழைய பேரு, புதுப் பேரு ரெண்டுக்கும் தனித்தனி கட்டம் போட்டு லிஸ்டை சரி பண்ண ஆரம்பிச்சோம், ஒருத்தர் ரெண்டு மாசம் இதே வேலையா இருந்தாரு.

ஆனா அவார்டு பாக்கற டீமும் டேட்டாபேஸ் பாக்கற டீமும் வேற வேற. ஃபங்ஷன் முடிஞ்சு ரெண்டு வாரத்துல அந்தம்மாவுக்கு எங்க சிஸ்டம்லேர்ந்து ஆட்டோமேட்டிக்கா ஒரு மெயில் போயிருக்கு: "நீங்கள் தற்போது என்ன செய்கிறீர்கள் என்ற தகவல் எங்களிடம் இல்லை." அவங்க பதில்ல ஒரு வார்த்தைகூட எழுதல, நாங்க குடுத்த ஷீல்டை போட்டோ எடுத்து அனுப்பிட்டாங்க.