தாடி ஓணானின் மூச்சுக்குக் காது கொடுங்கள்

சென்ற ஜூலையில், மெல்பர்ன் குளிர் எலும்பைத் தொட்ட ஒரு வெள்ளிக்கிழமை இரவு, தொலைக்காட்சியை நிறுத்தியதும் அம்மாதான் அதை முதலில் கேட்டார். "உன் ஓணான் பெட்டிக்குள் கடுகு வெடிக்கிறதே" என்றார். தாளிப்பில் கடைசியாக எஞ்சிய ஒன்றிரண்டு கடுகு விட்டுவிட்டு வெடிக்குமே, அப்படி ஒரு சத்தம். அது வீராவின் மூச்சு. அவனுக்கு நுரையீரலில் தொற்று.

வீரா நான்கு வயது பியர்டட் டிராகன். நம் ஊர் வேலியில் தலையாட்டும் ஓணானும் இதுவும் ஒரே குடும்பம் என்பதால் வீட்டில் தாடி ஓணான் என்றே சொல்கிறோம். மறுநாள் காலை சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். 371 கிராம். ஆறு வாரத்துக்கு முன் 412. அந்த ஆறு வாரமும் நான் நிறுக்கவே இல்லை. அவன் சோர்ந்து கிடந்ததைக் குளிர்காலத் தூக்கம் என்று நினைத்திருந்தேன். இதே தவறு உங்கள் வீட்டில் நடக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஓணானுக்கு நம்மைப்போல் உதரவிதானம் கிடையாது. நெஞ்சில் சேரும் சளியை இருமி வெளியே தள்ள அதனால் முடியாது. சீழும் நம்முடையதுபோல் நீர்த்திருக்காது, பாலாடைக் கட்டிபோல் இறுகிவிடும். போதாததற்கு, காட்டில் நலிந்த பிராணியைத்தான் பருந்து முதலில் தூக்கும் என்பதால், நோயைக் கடைசிவரை மறைப்பது அதன் பிறவிக் குணம். நம் கண்ணுக்கு அறிகுறி தெரியும்போது நோய் பல நாள் பழையதாகியிருக்கும்.

எதைப் பார்க்க வேண்டும்? வாய் பிளந்திருப்பதைக் கண்டதும் பதற வேண்டாம். விளக்கின் அடியில் வெயில் காயும்போது உடல் சூட்டைத் தணிக்க அது வாயைத் திறப்பது இயல்பு. குளிர்ந்த மூலைக்குப் போன பிறகும், காலையில் விளக்கு எரிவதற்கு முன்பும் வாய் திறந்தே இருந்தால்தான் நோய். அதனால் வாயை மட்டும் பார்க்காமல், ஓணான் பெட்டியில் எங்கே நிற்கிறது என்பதையும் பாருங்கள். வீரா குளிர்ந்த மூலையில், கூரையைப் பார்ப்பதுபோல் தலையை உயர்த்தி, கழுத்தை நீட்டிக் கிடந்தான். மூச்சுக் குழலை நேராக்கிக்கொள்ள அது எடுக்கும் முயற்சி அது. விலாப்புறம் துருத்திபோல் ஏறி இறங்கியது. தாடி என்று நாம் சொல்லும் தொண்டைத் தோல் நாள் முழுக்கக் கறுத்திருந்தது. கைவிளக்கைச் சாய்வாகப் பிடித்தபோது இடது நாசியில் ஊசிமுனை அளவு ஒரு குமிழ் தெரிந்தது. மூச்சை விட்டால் பருக்கும், இழுத்தால் உள்ளே போகும். வாயைத் திறந்தபோது மேலண்ணத்துக்கும் நாக்குக்கும் நடுவே சளி நூலாக இழுபட்டது.

குளித்த பிறகு ஓரிரு முறை தும்முவதும், தோல் உரியும் நாள்களில் உடலை உப்பவைப்பதும், நாசியில் பழைய தோல் ஒட்டிக்கொண்டு சீறுவதும் நோயல்ல. குளிர்கால உறக்கத்தில் இருக்கும் ஓணானும் அசையாமல் கிடக்கும், உண்ணாது. ஆனால் அதற்கு எடை அவ்வளவாகக் குறையாது, குமிழ் வராது, மூச்சு சத்தமின்றி இருக்கும். ஐயம் வந்தால் அறையின் சத்தங்களையெல்லாம் நிறுத்திவிட்டு, ஓணானைக் காதருகே இரண்டு நிமிடம் பிடித்துக் கேளுங்கள்.

வீராவுக்கு நோய் வந்த வழியைத் தேடியபோது முதலில் மாட்டியது வெப்பமானி. கண்ணாடியில் ஒட்டும் வட்ட வெப்பமானி 38 டிகிரி காட்டிக்கொண்டிருந்தது. அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றை வாங்கி, அவன் படுக்கும் மரக்கட்டையின் மேல் நீட்டினேன். 31. கட்டையின் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும், குளிர்ந்த பக்கம் 25 அளவில். சூடு போதாவிட்டால் ஓணானின் நோய் எதிர்ப்பும் செரிமானமும் படுத்துவிடும். அடுத்தது ஈரம். மழைக்காலம் என்று துணிக்கொடியை அவன் பெட்டி அருகிலேயே வைத்திருந்தேன். மத்திய ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துப் பிராணிக்கு 30 முதல் 40 விழுக்காடு ஈரப்பதம் போதும். ஈரத்துணி காய்ந்த அந்த அறையில் 68 இருந்தது. மூன்றாவது, வெள்ளிக்கிழமை தோறும் நாங்கள் போடும் சாம்பிராணி. அந்தப் புகை மூடிய பெட்டிக்குள் தங்கி, சிறிய நுரையீரலை உறுத்தும். பூசை அறையை மாற்ற முடியாது, பெட்டியை மாற்றலாம். மாற்றினோம்.

காட்டில் இரவு குளிராதா என்று கேட்பீர்கள். குளிரும். ஆனால் அங்கே விடிந்ததும் பாறையெல்லாம் கொதிக்கும், ஓணான் வேண்டிய மட்டும் சூட்டை ஏற்றிக்கொள்ளும். வரவேற்பறையில் அந்தப் பாறை இல்லை.

மருத்துவரிடம் போகும்வரை வீட்டில் செய்ய வேண்டியவை சிலவே. பகல் சூட்டைச் சரியான அளவுக்கு ஏற்றுங்கள். இரவிலும் 25 டிகிரிக்குக் கீழே விடாதீர்கள். இதற்கு வெளிச்சம் தராத பீங்கான் வெப்ப விளக்கு நல்லது, ஆனால் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி இல்லாமல் அதைப் போடவே கூடாது. மணலையும் மரத்தூளையும் அகற்றிச் செய்தித்தாள் விரியுங்கள். ஏறும் கட்டையைத் தாழ்த்துங்கள், மூச்சுத் திணறும் ஓணான் ஏறிக் களைக்க வேண்டாம். வேறு ஓணான் இருந்தால் பிரித்து வைத்து, தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது நுரையீரலுக்குள் போகும். உடல் சூடாகாத ஓணானுக்கு உணவைத் திணிக்காதீர்கள், வயிற்றிலேயே அழுகும். அம்மா முதலில் சொன்னது, "பிள்ளைகளுக்குச் சளி என்றால் வேது பிடிப்போமே" என்பதுதான். அன்பில் சொன்னதுதான், ஆனால் வெந்நீர் ஆவியும் யூகலிப்டஸ் தைலமும் கற்பூரமும் ஓணானுக்கு ஆகவே ஆகாது. மனிதருக்கு வாங்கி மீந்த ஆன்டிபயாடிக் மாத்திரையை உடைத்துக் கொடுப்பது அதைவிட ஆபத்து. அளவு தவறினால் சிறுநீரகம் கெடலாம், அரைகுறையாகக் கொடுத்தால் கிருமி பழகிவிடும்.

சூடு மட்டும் நோயைத் தீர்க்காது. ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் ஓரிரு நாளில் போய்விடுங்கள். ஈறு வெளுத்தோ நீலம் பூத்தோ இருந்தால், தலையைத் தூக்க முடியாவிட்டால், விடியும்வரை காத்திருக்காதீர்கள். கொண்டுபோகும் பெட்டியில் துணி சுற்றிய வெந்நீர்ப் போத்தல் வையுங்கள். பெட்டியின் வெப்ப அளவுகளை ஒரு தாளில் எழுதி, மூச்சுச் சத்தத்தைக் கைப்பேசியில் பதிந்து எடுத்துப் போங்கள். மருத்துவமனையில் பயந்த ஓணான் பெரும்பாலும் மூச்சடக்கிக்கொள்ளும், அந்தப் பதிவுதான் அப்போது பேசும்.

வீராவுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள், மூச்சுக் குழலைக் கழுவி மாதிரி எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினார்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்பது அதில்தான் தெரியும். பூஞ்சையாலும் வைரஸாலும்கூட இந்த நோய் வரும், அவற்றுக்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. செலவைப் பார்த்து இந்தச் சோதனையை விட்டுவிட வேண்டாம் என்பது என் கருத்து.

செஃப்டாசிடிம் என்ற ஆன்டிபயாடிக் ஊசியை மூன்று நாளுக்கு ஒருமுறை போடச் சொல்லி, அளவெடுத்த சிரிஞ்சுகளை உறைந்த நிலையில் கொடுத்தார் மருத்துவர். ஒன்றை எடுத்து மூடிய உள்ளங்கையில் வைத்திருப்பேன். வெண்மையாக உறைந்திருந்த மருந்து ஓரங்களில் தெளிந்து, நடுவில் ஒரு துளி பனியாக நின்று, அதுவும் கரையும். சுடுநீரில் போடக் கூடாது. மகள் துண்டில் சுற்றிய வீராவின் கண்ணை மறைத்துக்கொள்ள, மருத்துவர் காட்டித் தந்தபடி முன்கையில் போடுவேன். ஒருமுறை இடது, அடுத்த முறை வலது.

இரண்டாவது வாரமே கடுகுச் சத்தம் நின்றுவிட்டது. ஆனாலும் எட்டு ஊசியையும் போட்டு முடித்தோம். சத்தம் நின்றதை வைத்து மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும், அப்போது அதே மருந்து கேட்காமலும் போகலாம். பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் நுரையீரல் தெளிந்திருந்தது. எடை ஏறத்தான் நாளானது. செப்டம்பர் கடைசியில்தான் 405 காட்டியது.

இப்போது ஞாயிறு காலையில் உணவுக்கு முன் நிறுத்து, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிய தாளில் எழுதுகிறேன். புற ஊதாக் கதிர் தரும் யு.வி.பி. குழல் விளக்கைப் பொருத்திய தேதியும் அதே தாளில் இருக்கிறது, வெளிச்சம் குறையாவிட்டாலும் ஓராண்டுக்குள் அதை மாற்றிவிட வேண்டும். துணிக்கொடி கார் கொட்டகைக்குப் போய்விட்டது. இரவு தொலைக்காட்சி நின்றதும் பெட்டியருகே போய் ஒரு நிமிடம் நின்று கேட்டுவிட்டுத்தான் அம்மா தூங்கப் போகிறார்.