நூறாண்டுக்கு முந்தைய ஆஸ்திரேலியக் கால்பந்து வீரரைத் தேடுவது எப்படி

அந்நாட்டுத் தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் தொடங்குங்கள். பழைய செய்தித்தாள்கள், பெரும்பாலும் 1954 வரை, இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் 'ஃபுட்பால்' என்று மட்டும் தேடினால் வேலைக்காகாது, சிட்னி பேப்பர்களில் ரக்பிதான் கொட்டும், மெல்போர்னில் அவர்களுடைய சொந்த விதி ஆட்டம். கால்பந்துக்கு அன்று வழங்கிய 'சாக்கர்', 'பிரிட்டிஷ் அசோசியேஷன்' என்ற பெயர்கள் இரண்டையும் ஆங்கிலத்தில் போட்டுப் பாருங்கள்.

பெயர்தான் பெரிய தலைவலி. ஆட்டச் செய்தியில் குடும்பப் பெயர் மட்டுமே இருக்கும், இல்லையென்றால் பட்டப்பெயர். 1892-இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் பால்கௌனியில் பிறந்து, நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து, ஆஸ்திரேலிய அணிக்கே கேப்டனான ஜேம்ஸ் வில்லியம் மாஸ்டர்ஸை முழுப்பெயரில் மட்டும் தேடினால் பாதி வாழ்க்கை கைவிட்டுப் போய்விடும், ஏனென்றால் எல்லாருக்கும் அவர் 'ஜூடி' மாஸ்டர்ஸ்.

ஊரைப் பிடிப்பது ரொம்ப முக்கியம். அன்றைய நல்ல கிளப்கள் பல அதே மாநிலத்தின் இல்லவாரா, நியூகாசில் பக்கத்துச் சுரங்க ஊர்களில்தான் இருந்தன. அதனால் 'இல்லவாரா மெர்க்குரி' போன்ற உள்ளூர் பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தோடு நிற்காதீர்கள், சுரங்க விபத்து, வேலைநிறுத்தம், கல்யாணம், இரங்கல் செய்தி எல்லாவற்றிலும் அந்தப் பெயரைத் தேடுங்கள். கோல் கணக்கைவிட மனிதர் தெரிவது அங்கேதான்.

தேசிய அணியில் ஆடியவரா? 1922 ஜூன் 17, நியூசிலாந்தின் டனீடின் நகரம். நியூசிலாந்து 3-1 என்று வென்ற அந்த ஆட்டம்தான் ஆஸ்திரேலியாவின் முதல் சர்வதேசப் போட்டி, கேப்டன் அலெக்ஸ் கிப். அந்தத் தேதியிலிருந்து முன்னும் பின்னும் போங்கள்.

அப்புறம் போர். முதல் உலகப் போருக்குப் போயிருந்தால் தேசிய ஆவணக் காப்பகத்தின் பி2455 தொகுப்பில் கோப்பு இருக்கும்: உயரம், மார்பளவு, கண் நிறம், தொழில், நெருங்கிய உறவினர் முகவரி. வயதை மட்டும் அப்படியே நம்பாதீர்கள், கூட்டிச் சொல்லிச் சேர்ந்த பையன்கள் நிறைய. பிறப்புப் பதிவோடு ஒப்பிடுங்கள். நியூ சவுத் வேல்ஸில் பிறப்புப் பதிவு 100 ஆண்டு, திருமணம் 50, இறப்பு 30 ஆண்டு கழித்துத்தான் பொதுப் பார்வைக்கு வரும்.

கடைசியாக, வாரிசுகளைக் கண்டுபிடித்துக் கேளுங்கள், இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். 1923-இல் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து அணிகளின் கேப்டன்கள் இருவரும் புகைத்த சுருட்டின் சாம்பலை ஒரு சின்ன வெள்ளி ரேசர் பெட்டியில் போட்டுக் கோப்பையாக்கினார்கள், முதல் உலகப் போரில், துருக்கியின் கலிப்போலிப் போர்க்களத்தில், ஒரு சிப்பாயின் பையில் இருந்த பெட்டி அது. 1954-க்குப் பின் காணாமல் போன அந்தப் பெட்டி 2023-இல் ஒரு முன்னாள் கால்பந்து நிர்வாகியின் குடும்பத்தார் வைத்திருந்த சாமான்களுக்குள்தான் கிடைத்தது. பேரப்பிள்ளைகளிடம் பேசும்போது பதக்கம், தொப்பி என்று மட்டும் கேட்காமல், தாத்தாவின் பழைய பெட்டி ஏதாவது பரணில் இருக்கிறதா என்று கேளுங்கள்.