இழந்த வீட்டின் தரைப்படத்திலிருந்து தொடங்குதல்

மனவடுவை ஓவியத்தில் வெளிப்படுத்தப் பிறருக்கு உதவ முனைபவர், நடந்த கொடுமையையே வரைந்தாக வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். எறிகணை விழுந்த கணத்தை வரையுமாறு ஒருவரைக் கேட்பது, அக்கணத்துக்குள் அவரை மறுபடியும் தள்ளிவிடக்கூடும். பேரதிர்ச்சியின் நினைவு ஒழுங்கான கதையாக அன்றி, மணமாகவும் ஒலியாகவும் துண்டுக் காட்சியாகவுமே பெரும்பாலும் தங்குகிறது. ஆகவே படமும் ஒரு துண்டிலிருந்தே தொடங்கட்டும்.

இலங்கையின் வடக்கே போர் நடந்த வன்னியில் இதற்கு மிகப் பொருத்தமான தொடக்கம் வீட்டின் தரைப்படம் என்பது என் உறுதியான எண்ணம். ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்தோர் தாம் இழந்த வீடுகளை நினைவிலிருந்து வரைந்த தரைப்படங்களைத் தொகுத்து 2011இல் ஒரு நூலாக்கினார். அதே வழியில் நீங்களும் ஒரு பெரிய தாளையும் பென்சிலையும் கொடுத்து, கிணற்றடியிலிருந்தோ படலையிலிருந்தோ தொடங்கச் சொல்லுங்கள். குசினி எங்கே இருந்தது, முருங்கை எங்கே நின்றது, பங்கர் (பதுங்குகுழி) எந்தப் பக்கம் வெட்டப்பட்டது என்று கை தானாகவே நகரும். கோணலான கோட்டை அடிமட்டம் வைத்துத் திருத்த வேண்டாம். ஓர் அறையை வரையாமல் ஒருவர் நிறுத்தினால், காரணம் கேட்காதீர்கள். அந்த வெற்றிடமும் படத்தின் பகுதியே.

அடுத்தது பொருள். 2009இல் முள்ளிவாய்க்காலில் பங்கருக்கு மண்மூடை கட்டச் சேலைகளையே வெட்டித் தைத்தார்கள் என்பதை நினைவில் வைத்தால், சேலைத் துணியும் உரப்பையும் தறப்பாளும் இங்கே வெறும் ஒட்டுவேலைப் பொருட்கள் அல்ல என்பது விளங்கும். குடும்பம் காத்துவைத்திருக்கும் உடையை வெட்ட வேண்டாம். அதன் கரையைத் தாளில் பார்த்து வரைந்தாலே போதும். நிறத்தையும் அவரே தெரிவு செய்யட்டும். துயரம் என்றதும் சிவப்பையும் கறுப்பையும் எடுத்து நீட்டுவது நம் அவசரமே.

காணாமல் ஆக்கப்பட்டோரின் படங்களில் கூடுதல் கவனம் வேண்டும். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் உறவினர்கள் தொடங்கிய தொடர் போராட்டத்தில், கைகளில் ஏந்திய ஒளிப்படங்களே அவர்களின் கேள்வியாக இருந்தன. அத்தகைய முகத்தை வரைகையில், குடும்பத்தினர் கேட்காமல் மாலையோ விளக்கோ சேர்க்காதீர்கள். இன்னும் தேடிக்கொண்டிருக்கும் தாயிடம் அது மரண அறிவித்தலாகவே போய்ச் சேரும்.

மூச்சு வேகமெடுத்தாலோ கை நடுங்கினாலோ உடனே நிறுத்தி, பாதம் தரையில் பதிந்திருப்பதை உணரவும், சுற்றிலும் காண்பவற்றைப் பெயர் சொல்லவும் உதவுங்கள். உளவளத்துணையாளர் ஒருவருடன் முன்னரே பேசிவைத்திருப்பது கட்டாயம். வரைவதற்குக் கிடைத்த சம்மதம் காட்சிப்படுத்துவதற்கான சம்மதம் ஆகாது. அதைத் தனியாக, சில நாட்கள் கழித்துக் கேளுங்கள். ஊரும் பெயரும் தெரியாதபடி மறைப்பதா, படத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதா, கிழித்துவிடுவதா என்பதை வரைந்தவரே தீர்மானிக்கட்டும்.