ஒரே ரிடிம், பல பாட்டு: டான்ஸ்ஹால் கேட்கப் பழகுவது எப்படி?

நம்மூரில் ஒரே மெட்டுக்குப் பத்துப் பாட்டு கட்டுவார்கள். வரி மாறும், மெட்டு மாறாது. ஜமைக்காவின் டான்ஸ்ஹால் என்ற ஆட்ட இசையில் கதை வேறு. பேஸும் டிரம்ஸும் சேர்ந்த அடித்தளம் அப்படியே இருக்கும், அதன்மேல் ஒவ்வொரு பாடகரும் சொந்த மெட்டைப் போட்டுக்கொள்வார். அந்த அடித்தளம்தான் ரிடிம். ஒவ்வொரு ரிடிமுக்கும் தனிப் பெயரும் உண்டு.

படி 1: நல்ல ஹெட்போனை மாட்டுங்கள். போன் ஸ்பீக்கரில் பேஸ் எடுபடாது. திறந்த வெளியில் பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர் அடுக்கி, நெஞ்சு அதிரக் கேட்பதற்காகவே உருவான இசை இது.

படி 2: 'திவாலி' ரிடிமில் தொடங்குங்கள். ஆமாம், நம்ம தீபாவளிப் பெயர்தான்! லென்கி என்கிற ஸ்டீவன் மார்ஸ்டன் உருவாக்கியது. முதலில் ஷான் பாலின் 'கெட் பிஸி', உடனே வெய்ன் வொண்டரின் 'நோ லெட்டிங் கோ'. குரலை விட்டுவிட்டுக் கைதட்டல் சத்தத்தை மட்டும் பிடியுங்கள். ஒன்று ஆட்டம், இன்னொன்று காதல், ஆனால் தட்டல் ஒன்றே. இது பிடிபடும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

படி 3: தாளம். எட்டு வரை எண்ணி 1, 4, 7-இல் தட்டுங்கள். எண்ணுவது சிரமமா? 'தகிட தகிட தக' என்று சொல்லிப் பாருங்கள், சரியாக உட்காரும். டான்ஸ்ஹாலில் அடிக்கடி வரும் அடி இதுதான்.

படி 4: இப்போது 'ஸ்லெங் டெங்' ரிடிம். எனக்கு மிகவும் பிடித்த கதை. அதுவரை ரிடிம் என்றால் பெரும்பாலும் ஸ்டுடியோவில் வாத்தியக்காரர்கள் உட்கார்ந்து வாசித்ததுதான். 1985-இல் பாடகர் வெய்ன் ஸ்மித்தும் நோயல் டேவியும் கேசியோ எம்டி-40 என்ற சின்னக் கீபோர்டில் ஏற்கெனவே இருந்த 'ராக்' தாளத்தைத் தட்டிவிட, தயாரிப்பாளர் கிங் ஜாமி அதன் வேகத்தைக் குறைத்துப் பதிவுசெய்தார். அவ்வளவுதான், ஜமைக்கா இசை கம்ப்யூட்டர் காலத்துக்குத் தாவியது. அந்தத் தாளத்தை ஜப்பானில் அமைத்தவர் ஹிரோகோ ஒகுடா என்ற இளம்பெண், அவரே ஜமைக்காவின் ரெகே இசைக்கு ரசிகை! ரெகே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தாய்வீடு திரும்பிய மாதிரி.

படி 5: நீங்களே செலக்டர் ஆகுங்கள். இசைத்தட்டு போடுபவர் அங்கே செலக்டர். மைக்கில் பேசிப் பாடுபவர்தான் டீஜே. நான் ரொம்ப நாள் இதைத் தலைகீழாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். ஏதாவது இலவச மிக்ஸிங் ஆப்பில் படி 2-இன் இரண்டு பாட்டையும் ஏற்றுங்கள், வேகத்தை ஒன்றாக்குங்கள், முதல் பாட்டின் பல்லவி முடியும் இடத்தில் சட்டென்று அடுத்ததற்கு வெட்டுங்கள். தாளம் தடுக்கக் கூடாது. இதற்கு ஜக்ளிங் என்று பெயர். முதல் சில முறை சொதப்பும், பரவாயில்லை.

அப்புறம், பக்கத்தில் கேட்டுக்கொண்டிருப்பவர் உற்சாகத்தில் 'புல் அப்!' என்று கத்தினால் பாதியிலேயே நிறுத்தி, பாட்டை முதலிலிருந்து போட வேண்டும்.