இட்லிப் பானையில் காய்ச்சி வடித்த நீர்: செய்வது எப்படி, கட்டுப்படியாகுமா?

தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆவியைக் குளிரவைத்துப் பிடித்தால் சுத்தமான நீர் கிடைக்கும் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். அப்படியென்றால், போர் தண்ணீர் உப்புக் கரிக்கிற வீடுகளில் ஏன் யாரும் அதைச் செய்வதில்லை? ஒரே ஒரு லிட்டர் வடித்துப் பாருங்கள், பதில் தெரிந்துவிடும். இதற்கென்று எதுவும் வாங்கத் தேவையில்லை.

என்னென்ன வேண்டும்

வாய் அகன்ற எவர்சில்வர் இட்லிப் பானை, அதற்குள் உட்காரும் துளைத் தட்டு, ஒரு அகலக் கிண்ணம், பானையின் வாயில் கச்சிதமாக அமரும் அடி உருண்ட எவர்சில்வர் வாணலி. இரும்பு வாணலி வேண்டாம், துரு இறங்கும். பக்கத்தில் இரண்டு பக்கெட் வேண்டும்: ஒன்றில் பச்சைத் தண்ணீர், இன்னொன்று காலியாக.

படி 1: அடுக்குவது

பானையில் தட்டுக்கு நான்கு விரல் கீழே நிற்கும்படி தண்ணீர் ஊற்றுங்கள். சோதித்துப் பார்க்க அதில் இரண்டு ஸ்பூன் கல் உப்பும் ஒரு சிட்டிகை மஞ்சளும் போடலாம். தட்டின் நடுவில் கிண்ணத்தை வையுங்கள். அது எல்லாத் துளைகளையும் அடைத்துவிடக் கூடாது, ஆவி மேலே வர வழி வேண்டும். அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன் வாணலியை மேலே வைத்துப் பாருங்கள். அதன் அடிப்பகுதி கிண்ணத்தின் நடுவுக்கு நேர் மேலே, ஒரு விரல் இடைவெளியோடு நிற்க வேண்டும். சரியாக இருந்தால் வாணலியை எடுத்துவிடுங்கள்.

படி 2: முதல் ஐந்து நிமிடம் திறந்தே இருக்கட்டும்

கொதி வந்ததும் வாணலியைத் தூக்கி வைக்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். குளோரின் மாதிரி சீக்கிரம் ஆவியாகும் பொருட்கள் முதலில்தான் கிளம்பும், அவை போகட்டும். அப்போது கிண்ணத்தில் ஏதாவது சேர்ந்திருந்தால் இடுக்கியால் எடுத்துக் கொட்டிவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: பெட்ரோல், தின்னர், பூச்சிமருந்து வாடை அடிக்கிற தண்ணீரை இந்த வழியில் வடிக்கவே கூடாது. அவற்றில் பல ஆவியோடு சேர்ந்து மேலேறி, கிண்ணத்திலும் வந்து இறங்கிவிடும்.

படி 3: குளிர்விப்பது

இனிமேல்தான் உண்மையான வேலை. தீயை மிதமாக்கி, வாணலியைப் பானையின் வாயில் வைத்து, பச்சைத் தண்ணீரை ஊற்றுங்கள். சுற்றிலும் இடைவெளி இருந்தால் ஈரத்துணி சுற்றலாம், துணியின் முனை தீயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தம் பிரியாணிக்குச் செய்வதுபோல மாவு வைத்து அடைக்க வேண்டாம். ஆவி வெளியேறக் கொஞ்சமாவது வழி இருக்க வேண்டும்.

உள்ளே ஆவி வாணலியின் அடியில் பட்டு முத்து முத்தாகத் திரண்டு, சரிவில் வழுக்கி வந்து, நடுவில் சொட்டும். மேலே உள்ள தண்ணீர் சூடேற ஏற, சொட்டுவது குறைந்து பக்கவாட்டில் ஆவி பீறிட ஆரம்பிக்கும். அதுதான் தண்ணீர் மாற்ற வேண்டிய நேரம். மக்கால் மொண்டு காலி பக்கெட்டில் ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீர் விடுங்கள். வாணலியைத் தூக்கினால் ஆவி கையைப் பதம் பார்த்துவிடும்.

எத்தனை முறை மாற்றுவது? ஒரு லிட்டர் நீர் ஆவியாக 2257 கிலோஜூல் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. திரும்ப நீராகும்போது அத்தனையையும் வாணலியிடம் கொடுத்துவிடும். 30 டிகிரி தண்ணீரை 60 டிகிரிவரை சூடேற விட்டால், அந்த வெப்பத்தை இழுக்கக் கிட்டத்தட்ட 18 லிட்டர் தேவை. மூன்று லிட்டர் பிடிக்கிற வாணலி என்றால் ஆறு தடவை. ஒரு லிட்டர் வடிக்க 18 லிட்டரா என்று பதற வேண்டாம், அது வீணாவதில்லை. குளிக்க வெந்நீர் ஆயிற்று.

தீயைக் கூட்டினால் சீக்கிரம் முடியும் என்று நினைக்காதீர்கள். தளதளவென்று கொதித்தால் உப்புத் திவலைகள் தெறித்துத் துளைகள் வழியாகக் கிண்ணத்துக்குள் விழும். வடித்த நீரில் மஞ்சள் தட்டினால் காரணம் அதுதான். மணிக்கு ஒரு லிட்டர் கிடைத்தாலே நல்ல வேகம்.

படி 4: நிறுத்துவது, சோதிப்பது

ஊற்றிய தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும்போதே அடுப்பை அணைத்து, ஆறவிடுங்கள். கிண்ணத்து நீரில் உப்புக் கரிக்கக் கூடாது. நீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் இருந்தால் 10-க்குக் கீழே காட்ட வேண்டும். குடித்தால் சப்பென்று இருக்கும். உடம்புக்குத் தேவையான தாது உப்புகள் பெரும்பாலும் சாப்பாட்டிலிருந்துதான் வருகின்றன, அதனால் பயப்பட ஒன்றுமில்லை.

கணக்குப் பார்ப்போம்

30 டிகிரியிலிருந்து கொதிக்க வைத்து ஆவியாக்க, லிட்டருக்கு ஏறக்குறைய 0.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். கேஸ் அடுப்பில் வீணாவதையும் சேர்த்தால் சுமார் 100 கிராம் கேஸ். நான்கு பேர் குடிக்க நாளைக்குப் பத்து லிட்டர் என்றால் ஒரு கிலோ ஆகிறது, 14.2 கிலோ சிலிண்டர் இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். மீஞ்சூர், நெம்மேலியில் இருப்பதுபோன்ற ஆர்.ஓ. ஆலைகள் கடல்நீரின் உப்பைப் பிரிக்க ஆயிரம் லிட்டருக்கே மூன்று, நான்கு யூனிட்தான் செலவழிக்கும். நம் இட்லிப் பானை அதோடு போட்டி போட முடியாது.

பிரச்சினை கிருமி மட்டும் என்றால் வடிக்கவே வேண்டாம். கொதிக்க வைத்தால் போதும், எட்டில் ஒரு பங்கு கேஸ்கூட ஆகாது. ஆனால் உப்பு, ஃபுளூரைடு, நைட்ரேட் எதுவும் கொதிக்க வைத்தால் போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். வடித்தால் இவை அடியிலேயே தங்கிவிடும். அதற்காக ஃபுளூரைடு பாதித்த தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வீட்டுக்கு வீடு வடிக்கச் சொல்ல முடியுமா? ஒகேனக்கல்லில் இருந்து காவிரி நீரைத்தான் குழாயில் கொண்டுவந்தார்கள்.

வெப்பம் இலவசமாகக் கிடைத்தால் மட்டும் கதை மாறும். சிலியின் லாஸ் சலினாஸில் 1872-லேயே கண்ணாடிக் கூரை போட்ட தொட்டிகளில் வெயிலை வைத்து, நாளுக்கு 20,000 லிட்டருக்கு மேல் வடித்தார்கள். ஆனால் அதற்கு 4,000 சதுர மீட்டருக்கு மேல் இடம் தேவைப்பட்டது. நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு மூன்று, நான்கு லிட்டர் கிடைக்கும், மொட்டை மாடி உள்ளவர்கள் யோசிக்கலாம். லட்சத்தீவின் கவரத்தியில் சென்னையின் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2005-ல் இன்னொரு வழியைச் செய்து காட்டியது. வெதுவெதுப்பான மேல்மட்டக் கடல்நீரை, அழுத்தம் குறைத்த அறையில் அடுப்பே இல்லாமல் ஆவியாக்கி, ஆழ்கடலின் குளிர்ந்த நீரால் அதைக் குளிர்விக்கிறார்கள். நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர். நாம் ஆறு தடவை மொண்டு ஊற்றிய வேலையை அங்கே கடலே பார்த்துக்கொள்கிறது.

வீட்டில் இது எதற்கு உதவும்? ஸ்டீம் அயர்ன் பாக்ஸுக்கு, பிள்ளைகளின் அறிவியல் செய்முறைக்கு, வெள்ளத்தில் உப்பு நீர் தவிர வேறெதுவும் கிடைக்காத அவசரத்துக்கு. இன்வெர்ட்டர் பேட்டரிக்குக் கடையிலேயே வாங்கிவிடுங்கள், விலை குறைவு. ஆனால் பேட்டரிக்கென்று விற்பதை ஒருபோதும் குடிக்கக் கூடாது.

பானையின் அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பதைக் கரண்டியால் சுரண்டாதீர்கள். புளித்தண்ணீரோ வினிகரோ ஊற்றி ஒரு கொதி விட்டு, ராத்திரி முழுக்க ஊற வைத்தால் காலையில் தேய்த்ததும் வந்துவிடும்.