கருப்பைச் சிகிச்சைக்குப் பின் திடீர் ரத்தப்போக்கு: மறுபடி சுரண்டும் முன் டாப்ளர் ஸ்கேன்

கருச்சிதைவுக்குப் பின் கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்துகொண்டவர்களுக்கும், சிசேரியனோ நார்க்கட்டி அகற்றலோ நடந்தவர்களுக்கும் சில நாள் ரத்தப்போக்கு இருப்பது இயல்பே. ஆனால், நின்றுபோன போக்கு சில வாரங்களிலோ மாதங்களிலோ குழாயைத் திறந்துவிட்டதுபோல் திடீரெனப் பெருகி, தானே அடங்கி, மீண்டும் வருமானால், “கெட்ட ரத்தம், போகட்டும்” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுப் பொறுத்திருக்க வேண்டாம்.

காயம்பட்ட கருப்பைச் சுவர் ஆறும்போது, தமனியும் சிரையும் இடையிலுள்ள நுண்குழாய்களை விடுத்து நேரடியாக இணைந்துவிடுவதுண்டு. தமனியின் அழுத்தம் மெல்லிய சிரைக்குள் அப்படியே பாய்வதால் அது எளிதில் உடைந்து ரத்தம் கொட்டுகிறது. இது அரிதான கோளாறுதான். தங்கிவிட்ட கருத்திசு, தொற்று போன்றவையே பெரும்பாலும் காரணமாக இருக்கும். இருந்தாலும், இத்தகைய இணைப்புள்ள இடத்தை அறியாமல் மறுபடி சுரண்டினால் ரத்தம் கட்டுக்கடங்காமல் போகக்கூடும் என்பதால், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனை முதலில் எடுக்கலாமா என்று நீங்களே கேட்பதில் தவறில்லை.

மணிக்கு 2 பேட் வீதம் 2 மணி நேரம் தொடர்ந்து நனைந்தாலோ, தலைசுற்றல், படபடப்பு, மயக்கம் வந்தாலோ சிங்கப்பூரின் ஆம்புலன்ஸ் எண்ணான 995ஐ அழையுங்கள். ஓரளவு நிதானமாக இருந்தால், கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் 24 மணி நேரமும் இயங்கும் மகளிருக்கான அவசரப் பிரிவுக்குச் செல்லலாம்.

போகும்போது ஒரு தாளில் இப்படிக் குறித்துக்கொள்ளுங்கள்: “மே 3, டி அண்ட் சி (கருப்பைச் சுரண்டல்). மே 20, ரத்தம் நின்றது. ஜூன் 11 இரவு, கட்டிகளோடு 40 நிமிடம், 5 பேட்.” எந்தச் சிகிச்சை, எந்த நாள் என்ற இரண்டு விவரங்களே மருத்துவரின் சந்தேகத்தைச் சரியான பக்கம் திருப்பும். ரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மாத்திரைகளோடு, பிரசவ லேகியம், ஜாமு எனும் மூலிகை மருந்து முதலியவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பெண்ணுறுப்பு வழியாக எடுக்கும் சாதாரண ஸ்கேனில் தசைக்குள் சிறுசிறு கரும்பொத்தல்களாகத் தெரியும் இடம், டாப்ளரை இயக்கியதும் சிவப்பும் நீலமும் கலந்து மின்னும். தங்கிய கருத்திசுவும் முத்துப்பிள்ளை கர்ப்பமும் (கருவுக்குப் பதில் நீர்க்கொப்புளங்கள்போல் திசு வளரும் நிலை) இதே தோற்றத்தைத் தரக்கூடும் என்பதால், கர்ப்ப ஹார்மோனுக்கான ரத்தப் பரிசோதனை தேவைப்படும். ஹீமோகுளோபின் அளவையும் பார்ப்பார்கள். தேவையென்றால் எம்ஆர்ஐ எடுப்பார்கள்.

ரத்தப்போக்கு குறைவாக இருந்தால், மருந்தோடு கண்காணித்து, சில வாரங்களில் மறு ஸ்கேன் பார்ப்பதே போதுமானதாக இருக்கலாம். பல இணைப்புகள் தாமாகவே மறைந்துவிடுகின்றன. கடுமையாக இருந்தால், தொடையிடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக நுண்குழாயைச் செலுத்தி, கருப்பைத் தமனியை உள்ளிருந்தே அடைப்பார்கள். கருப்பை காப்பாற்றப்படுகிறது என்பதே இதன் பெரிய ஆதாயம். கருப்பையை அகற்றுவது கடைசி வழி. இதற்குப் பிறகு கருத்தரித்தவர்கள் உண்டென்றாலும் உறுதி கூற முடியாது. ஆகவே குழந்தை வேண்டுமென்ற விருப்பத்தைச் சிகிச்சைக்கு ஒப்புதல் தருமுன்பே சொல்லிவிடுங்கள்.

அடைப்புக்குப் பின் சில நாள் வயிற்றுவலியும் லேசான காய்ச்சலும் இருக்கலாம். காய்ச்சல் ஏறினாலோ, துர்நாற்றத்துடன் வெள்ளைப்பட்டாலோ, ரத்தப்போக்கு திரும்பினாலோ, அடுத்த சந்திப்பு நாள்வரை காத்திராமல் மருத்துவமனைக்குத் திரும்பிவிடுங்கள்.