யார் இறுக்கியது? நண்பர்களோடு பழைய டிராக் ரேஸ் காரைக் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் குறுகிய தூரம் பாயும் போட்டிக்கான பழைய டிராக் ரேஸ் கார் ஒன்றைத் தனி ஆளாகக் கட்டி முடிப்பவர்கள் மிகச் சிலரே. எஞ்சினைத் தூக்கி இறக்க நான்கு கைகள் வேண்டும். வெல்டிங் கைவந்த ஒருவர் வேண்டும். பொறுமையாக வயரிங் செய்யத் தெரிந்த ஒருவர் வேண்டும். எல்லோரும் போன பிறகு தரையைப் பெருக்கி, சிதறிய நட்டுகளைப் பொறுக்கி வைப்பவரும் வேண்டும். வேகத்துக்காக மாற்றிய ஹாட் ராட் கார்களுக்கான அமெரிக்க தேசியச் சங்கமான என்.எச்.ஆர்.ஏ. 1951-இல் வாலி பார்க்ஸ் முயற்சியில் உருவான நாட்களிலும், இந்தக் கார்களில் பல வீட்டுக் கொட்டகைகளில் நண்பர்கள் சேர்ந்து கட்டியவையே. ஆனால் கைகள் பலவாகும்போது ஒரு வேலையை யார் முடித்தார் என்பது மங்கிப் போகிறது. நான் அருகிலிருந்து பார்த்த மோசமான தவறுகளில் பெரும்பாலானவை அறியாமையால் நேரவில்லை. ஒருவர் பாதியில் விட்டதை இன்னொருவர் முடிந்துவிட்டதாக எண்ணியதால் நேர்ந்தவை. இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு கவலையைச் சுற்றியே இருக்கும்.

முதல் தவறு, ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. எந்த ஆண்டின் கார், எத்தனை வினாடியில் ஓட வேண்டிய கார் என்ற இரண்டையும் முடிவு செய்யாமல் வேலையைத் தொடங்குகிறார்கள். 1932-இல் வந்த ஃபோர்டு பிளாட்ஹெட் வி8, 1955-இல் வந்த 265 கன அங்குல ஷெவர்லே ஸ்மால் பிளாக், 1957, 1958 ஆண்டுகளின் 392 கன அங்குல கிரைஸ்லர் ஹெமி ஆகிய மூன்று எஞ்சின்களும் பழையவைதாம். ஆனால் ஒவ்வொன்றும் தனக்கேற்ற கியர்பாக்ஸையும் பின் ஆக்சிலையும் சேஸி வலிமையையும் கேட்கும். இதைத் தாளில் எழுதி வைக்காவிட்டால், ஒரு நண்பர் ஆசையோடு கொண்டுவந்து கொடுக்கும் முன் ஆக்சிலோ இன்னொருவரிடம் சும்மா கிடந்த கியர்பாக்ஸோ திட்டத்தைத் திருப்பிவிடும். அன்பாகக் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆகவே இறுதிச் சொல் ஒருவருடையதாக இருக்க வேண்டும், அவர் காரின் உரிமையாளராகவே இருப்பது நல்லது.

வினாடிக் கணக்கு இதைவிடவும் முக்கியமானது. கார் எவ்வளவு பழையதானாலும், கால் மைல் தூரத்தை, அதாவது ஏறத்தாழ 402 மீட்டரை, அது எவ்வளவு நேரத்தில் கடக்கிறது என்பதை வைத்தே பாதுகாப்பு விதிகள் பெரும்பாலும் வகுக்கப்பட்டுள்ளன. என்.எச்.ஆர்.ஏ.யின் பொது விதிகளில் 11.49 வினாடியோ அதற்குக் குறைவோ எடுத்துக்கொள்ளும் காருக்கு ரோல் பார், அதாவது கார் உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் வளைந்த குழாய் வேண்டும், 10.99-க்கு வந்தால் அவரைச் சுற்றிலும் குழாய்க் கூண்டாக அமையும் ரோல் கேஜ் வேண்டும். தொழிற்சாலையில் வந்த தரையும், எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் நடுவிலுள்ள முன் தடுப்புச் சுவரும் மாற்றப்படாத முழு உடல் காராக இருந்தால், 10.00 வரை ரோல் பாரோடு ஓட அனுமதி உண்டு. இந்தச் சலுகைதான் பழைய கார் கட்டுபவர்களைச் சிக்க வைக்கிறது. 1960-களின் கேஸர் எனப்படும், முன்புறம் தூக்கிய போட்டிக் கார்களின் தோற்றத்துக்காக எஞ்சினைப் பின்னால் தள்ளி வைக்க முன் தடுப்புச் சுவரை வெட்டியதும், துருப்பிடித்த தரையை எடுத்துவிட்டு மெல்லிய தகடு போட்டதும் அந்தச் சலுகை போய்விடுகிறது. ஒரு சனிக்கிழமை மாலை உற்சாகத்தில் நண்பர் ஒருவர் கிரைண்டரால் வெட்டிய கோடு, முழு ரோல் கேஜ் ஒன்றைக் கட்டாயமாக்கிவிடலாம். வெட்டும் முன் அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தை வாங்கிப் படியுங்கள். ஓடப்போகும் திடலின் தொழில்நுட்பப் பரிசோதகரிடம் நேரில் பேசுங்கள்.

ரோல் கேஜ் என்றதும் வெல்டிங் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெல்டிங் தெரிந்த நண்பர் என்பதற்கும் மனித உயிரைத் தாங்கும் குழாயை வெல்டிங் செய்யத் தகுந்தவர் என்பதற்கும் இடைவெளி அதிகம். வாயிற்கதவும் ஜன்னல் கம்பியும் அழகாகச் செய்பவர், குழாய் இணைப்பைச் சுற்றிலும் ஊடுருவல் குறையாமல் வெல்டிங் செய்வார் என்று எண்ணிவிடக் கூடாது. கேஜுக்குக் குரோம்மாலி என்ற கலப்பு எஃகுக் குழாய் என்றால் டங்ஸ்டன் முனை கொண்ட டிக் முறையில்தான் வெல்டிங் செய்ய வேண்டும். சாதாரண எஃகுக் குழாய்க்குக் கம்பி தானாக ஊட்டப்படும் மிக் முறையும் ஏற்கப்படும். இங்கே நல்ல மனதோடு செய்யப்படும் தவறு ஒன்று உண்டு. வெல்டிங் முடிந்து உரிமையாளர் வீட்டுக்குப் போன பிறகு, உதவ வந்த இளைஞர் ஒருவர் மேடாக இருக்கும் வெல்டிங் தையலைக் கிரைண்டரால் தேய்த்து வழவழப்பாக்கி, பெயிண்டும் அடித்து வைத்துவிடுகிறார். தேய்த்த வெல்டிங்கை விதி ஏற்பதில்லை; தேய்த்ததால் உலோகம் எவ்வளவு மெலிந்தது என்பதை இனி யாராலும் பார்த்துச் சொல்லவும் முடியாது. அந்த இணைப்பை அறுத்தெடுத்துவிட்டு மறுபடி செய்வதைத் தவிர வேறு வழியில்லை. கேஜின் மீது பெயிண்ட் அடிப்பதைப் பரிசோதகர் பார்த்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

வெல்டிங் செய்யும் இடத்தைத் துடைக்கக் குளோரின் கலந்த பிரேக் கிளீனரை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அதன் ஆவி வெல்டிங் வெப்பத்திலும் ஒளியிலும் சிதைந்து ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவை உண்டாக்கும். டப்பாவில் எழுதியிருப்பதைப் படிக்காமல் துடைத்துவிட்டு நகர்ந்தவர் ஒருவர், மூச்சில் அதை வாங்குபவர் வேறொருவர் என்றாகிவிடக் கூடாது. இதேபோல, ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போவதையும் தடை செய்யுங்கள். ஸ்டாண்டு வைத்ததைத் தன் கண்ணால் பார்க்காத யாரும் அடியில் படுக்க வேண்டாம்.

இனி, தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நாங்கள் கட்டிய ஒரு காரில் பின் ஆக்சிலை லீஃப் ஸ்பிரிங்கோடு சேர்க்கும் யு-போல்ட்டுகளின் நட்டுகளை ஒரு நண்பர் கையால் சுழற்றி மட்டும் மாட்டிவிட்டு, பின்னர் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கலாம் என்று வேறு வேலைக்குப் போனார். அவர் அன்று திரும்ப வரவில்லை. மறுவாரம் வந்த மூவரும் ஆக்சில் மாட்டியிருப்பதைப் பார்த்து, அது முடிந்த வேலை என்று எண்ணிச் சக்கரங்களைப் பூட்டினோம். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டை மாட்டும்போது ஆக்சில் ஒரு சுண்டுவிரல் அளவு அசைவதை உணர்ந்த பிறகுதான் குனிந்து பார்த்தேன். நட்டின் அடியில் வெளிச்சம் தெரிந்தது. அந்த நண்பர்மீது குறை இல்லை. அவர் செய்ததைச் சொல்ல ஓர் இடமும் நாங்கள் வைத்திருக்கவில்லை என்பதுதான் குறை.

அன்றிலிருந்து எங்கள் கொட்டகையில் இரண்டு வழக்கங்கள் உண்டு. டார்க் ரெஞ்சால் இறுக்கிய ஒவ்வொரு நட்டின் மீதும் போல்ட்டின் மீதும் சேர்த்து ஒரே கோடாக மஞ்சள் பெயிண்ட் இழுக்கிறோம். கோடு இல்லாத நட்டு இறுக்கப்படாத நட்டு. எஞ்சின், கிளட்ச், ஸ்டீயரிங், பிரேக், ஆக்சில் ஆகியவற்றில் ஒருவர் இறுக்கியதை இன்னொருவர் மறுபடி ரெஞ்ச் வைத்துப் பார்த்து, சுவரில் மாட்டிய நோட்டில் இருவர் பெயரும் தேதியும் எழுதுகிறார்கள். கோட்டை இன்னொரு பயனுக்காகவும் பெரிதும் மதிக்கிறேன்: ஓட்டத்துக்குப் பிறகு நட்டு நகர்ந்திருந்தால் கோடு உடைந்து தெரியும். பாதியில் போக வேண்டியவர் அந்தப் பாகத்தின் மேல் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிவிட்டுப் போக வேண்டும்.

எஞ்சினில் தவறுகள் விலை கூடியவை. அறுபது எழுபது ஆண்டுப் பழைய எஞ்சின் பிளாக்கை வாங்கி, கழுவி, பெயிண்ட் அடித்துவிட்டுப் பிறகு விரிசல் இருப்பதைக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு. பிளாட்ஹெட் எஞ்சின்களில் வால்வு இருக்கைக்கும் சிலிண்டருக்கும் நடுவே விரிசல் விடுவது நன்கு அறியப்பட்ட நோய். ஆகவே வேறு எந்தச் செலவுக்கும் முன்னால் விரிசலைக் காட்டும் காந்தத்துகள் சோதனை செய்யுங்கள். சிலிண்டரைப் பெரிதாகக் கடைவதானால் சுவரின் கனத்தை ஒலியலைக் கருவியால் அளந்த பிறகே கடையுங்கள்.

வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டை மாற்றும்போது, வால்வும் பிஸ்டனும் மோதாமல் இருக்க எவ்வளவு இடைவெளி உண்டு என்று அளக்காமல் மூடிவிடுவது அடுத்த தவறு. அதை அளக்க ஒரு களிமண் உருண்டை போதும். பிஸ்டன் தலையில் எண்ணெய் தடவிக் களிமண்ணை ஒட்டி, ஹெட்டைப் பழைய கேஸ்கெட்டோடு மாட்டி, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிவிட்டுத் திறந்தால், வால்வு பதிந்த பள்ளம் தெரியும். பள்ளத்தைக் கத்தியால் வெட்டி மிக மெல்லிய இடத்தை அளக்க வேண்டும். உள்வாங்கும் வால்வுக்கு 0.080 அங்குலமும் வெளியேற்றும் வால்வுக்கு 0.100 அங்குலமும் பொதுவாக வைக்கப்படும் குறைந்த அளவுகள்.

கேம் முகட்டின் மீது தட்டையான அடியோடு உரசும் டேப்பெட் கொண்ட பழைய வகைக் கேம், முதல் இருபது நிமிடங்களிலேயே பிழைக்கும் அல்லது சாகும். அதன் முகடுகளுக்கு எண்ணெய் கிராங்க் சுழற்றித் தெறிப்பதால்தான் பெருமளவு கிடைக்கிறது. எஞ்சின் குறைந்த வேகத்தில் சும்மா ஓடும் ஐடிலில் அது போதாது. அதனால் எஞ்சின் உயிர்பெற்ற உடனே சுற்று வேகத்தை நிமிடத்துக்கு 2000-க்கு மேல் ஏற்றி, ஏற்றி இறக்கி, ஏறத்தாழ 20 நிமிடம் ஓட விட வேண்டும். துத்தநாகச் சேர்மம் போதிய அளவு உள்ள எண்ணெயே ஊற்ற வேண்டும். ஆனால் நடப்பது வேறு. எல்லா நண்பர்களும் கேமராவோடு கூடியிருக்கிறார்கள். இக்னிஷன் டைமிங் சரியாக வைக்கப்படவில்லை. கார்புரேட்டரில் பெட்ரோல் இல்லை. ஸ்டார்ட்டரைத் திரும்பத் திரும்ப இயக்குகிறார்கள். பூசிய கிரீஸ் வழிந்து போகிறது, முகடு தேய்கிறது. முதல் ஸ்டார்ட்டுக்கு மூன்று பேர் போதும்: சாவியில் ஒருவர், எண்ணெய் அழுத்தமானியிலும் ரேடியேட்டரிலும் கண் வைத்து ஒருவர், தீயணைப்பானோடு ஒருவர். மற்றவர்கள் அடுத்த நாள் வந்து சத்தத்தைக் கேட்கட்டும்.

சுழலும் பாகங்களில் தாராளம் வேண்டாம். 1970 மார்ச் 8 அன்று கலிஃபோர்னியாவின் லயன்ஸ் திடலில் புகழ்பெற்ற டிராக் ரேஸ் ஓட்டுநர் டான் கார்லிட்ஸின் காரில் கியர்பாக்ஸ் வெடித்து, அவருடைய வலது பாதத்தின் முன் பகுதியைத் துண்டித்தது. எஞ்சினுக்குப் பின்னால் ஓட்டுநர் அமரும் அமைப்பு அது. பிறகு அவர் எஞ்சினை முதுகுப்புறம் வைத்துக் கட்டிய காரோடு 1971-இல் வென்றார். அந்த வகைப் போட்டிக் கார்கள் அனைத்தும் அவர் வழிக்கு மாறின. நாம் கட்டுவது பழைய அமைப்பாக இருந்தால், பழைய ஆபத்தையும் சேர்த்தே கட்டுகிறோம். எஞ்சினோடு சுழலும் கனமான வட்டான ஃப்ளைவீல் வார்ப்பிரும்பாக இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, சான்று பெற்ற எஃகு ஃப்ளைவீலும், கிளட்ச் சிதறினால் தடுக்கும் எஃகுக் கவசமும் வாங்குங்கள். டிரைவ் ஷாஃப்டைச் சுற்றிப் பிடிக்கும் வளையம், ஷாஃப்டின் முன் முனையில் வளைந்து சுழலும் இணைப்பான யுனிவர்சல் ஜாயின்டிலிருந்து 6 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். முன் இணைப்பு அறுந்தால் ஷாஃப்ட் தரையில் குத்திக் காரையே தூக்கிவிடும் என்பதால் இந்த விதி.

காலத்துக்குப் பொருந்த வேண்டும் என்ற ஆசை சில பாகங்களில் நின்றுவிட வேண்டும். 1960-களின் மெக்னீசியம் சக்கரங்கள் கண்ணுக்கு அழகு. ஆனால் உள்ளே அரிப்பும் விரிசலும் இருக்கும். விரிசல் சோதனை செய்யாமல் அவற்றில் டயர் ஏற்றாதீர்கள்; முடிந்தால் காட்சிக்கு மட்டும் வையுங்கள். இருக்கைப் பட்டையில் சமரசமே கிடையாது. நண்பர் தன் பழைய காரிலிருந்து கழற்றிக் கொடுத்த பட்டையின் தேதியைப் பாருங்கள்: எஸ்.எஃப்.ஐ. என்ற பாதுகாப்புத் தர அமைப்பின் வழக்கமான 16.1 தரச் சான்றுப் பட்டைகளுக்குத் தயாரித்த நாளிலிருந்து இரண்டே ஆண்டுகள்தான் செல்லுபடி.

பேட்டரியைப் பின்னால் மாற்றினால் காரின் பின்புறம் வெளியிலிருந்து அணைக்கும் சுவிட்ச் வேண்டும். அதைப் பொருத்தியவர் பேட்டரியை மட்டும் துண்டித்துவிட்டு வேலை முடிந்தது என்பார். ஆல்டர்னேட்டர் இருந்தால் எஞ்சின் தொடர்ந்து ஓடிக்கொண்டே இருக்கும். எஞ்சினை ஓட விட்டுச் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். உடனே நிற்காவிட்டால் வயரிங்கை மாற்றுங்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக: யார் எதற்கு எவ்வளவு கொடுத்தார், எது கடன், எது அன்பளிப்பு, கார் விற்கப்பட்டால் எது யாருக்குத் திரும்பும் என்று முதல் வாரமே எழுதி எல்லோரும் படித்துக்கொள்ளுங்கள்.

திடலுக்குப் போகும் முந்தைய இரவில் எந்தப் புதிய வேலையையும் தொடங்காதீர்கள். களைத்த கையும் அவசரமும் சேரும் அந்த நேரத்தில்தான் ஒருவர் கழற்றியதை இன்னொருவர் மாட்ட மறக்கிறார். முதல் நாளில் முழுக் கால் மைலை எட்டிப் பிடிக்க வேண்டாம். முதலில் கிளம்பி 60 அடியில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். காரைத் திருப்பிக் கொண்டுவந்து அடியில் எண்ணெய்க் கசிவு பாருங்கள், மஞ்சள் கோடுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள், சக்கர நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். பிறகு 330 அடி, பிறகு எட்டில் ஒரு மைல். ஒவ்வொரு முறையும் அதே நோட்டில், அதே இரண்டு பெயர்கள்.